தன்னிறைவா, தனியிறைவா?

சென்ற கோடையில் ஓர் இரவு. விடுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. புழுக்கம் தாளாமல் நானும் என் அறைத் தோழியும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆராய்ச்சி மாணவி, கோவைப் பக்கம். அக்கா என்றே அழைப்பேன். கைப்பேசியில் வந்திருந்த விளம்பரம் ஒன்றை எடுத்து எனக்குக் காட்டினார். புனேக்கு மேற்கே மலையடிவாரத்தில் கால் கால் ஏக்கராக நிலம் விற்கிறார்களாம். சுற்றிலும் வேலி உண்டு. தனி ஆழ்குழாய்க் கிணறு உண்டு. கூரைமேல் சூரியத் தகடு உண்டு. காய்கறி போட இடம் உண்டு. பருவம் மாறிப்போன உலகிலும் கவலையின்றி வாழத் தன்னிறைவான வீடு என்பது விளம்பரத்தின் சாரம்.

"ஊரு உலகம் எப்படியோ போகட்டும்டி. வேலைக்குப் போய் அஞ்சு வருசம் காசு சேத்து இப்படி ஒண்ணை வாங்கிப்போட்டா நாம தப்பிச்சுக்கலாம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு உறங்கியும் போனார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

தோழியரே, தோழர்களே! அக்காவைக் குறை கூற இதை எழுதவில்லை. அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்று எண்ணுவதும் தவறன்று. ஆனால் அந்த விளம்பரம் எதைத் தன்னிறைவு என்று சொல்லுகிறதோ அதற்குப் பெயர் தன்னிறைவு அன்று, தனியிறைவு. தன்னிறைவு ஓர் ஊருக்கு உரியது; ஒரு தெருவுக்கு உரியது; முயன்றால் ஒரு மாணவர் விடுதிக்கும் உரியதாகலாம். வேலி போட்ட கால் ஏக்கருக்கு அது ஒருநாளும் வாய்க்காது. ஏன் என்பதை என் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்லுகிறேன். அக்கா வாங்க நினைக்கிற அந்தப் பொருளை நாங்கள் முன்பே வாங்கிப் பார்த்தவர்கள்.

அதற்குமுன் வரப்போவது இன்னதென்று இரண்டு வார்த்தை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய வெப்பநிலையைவிட உலகச் சராசரி 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு 2024. ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. பொய்த்தால் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் காற்றே குடித்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் போயிற்று. நான்கே ஆண்டு இடைவெளி! நாம் இருக்கிற இந்தப் புனேயில் 2024 ஜூலையில் சிங்ககட் சாலைக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை உங்களில் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள்.

இதை உண்டாக்கியவர்கள் நாமா? இந்தியன் ஒருவன் ஆண்டொன்றுக்குக் காற்றில் விடுகிற கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. நாம் மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்ப்பதால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தானாக மூடிக்கொள்ளப் போவதில்லை. அது வேறு போராட்டம். அரசியலில் நடத்த வேண்டிய போராட்டம். அதை விட்டுவிட்டுத் தோட்டம் போடச் சொல்லுகிறவனை நான் நம்பமாட்டேன். ஆனால் அந்தப் போராட்டத்தில் நாளையே வென்றாலும் ஏறிய சூடு உடனே இறங்கிவிடாது. எனவே தாங்கிக்கொள்ளும் வழியையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

இனி என் கதை. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே. தென்னந்தோப்புதான் பிழைப்பு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அடுத்த கோடையில் தென்னை குலை சரிந்து நின்றது. அப்பா கடன் வாங்கி 180 அடிக்கு ஆழ்குழாய் இறக்கினார். எங்கள் தெருவில் அந்த ஆண்டு ஐந்து பேர் இறக்கினார்கள், நாங்கள் மட்டுமல்ல. தோப்பு பிழைத்தது. நான் இன்று இங்கே உட்கார்ந்து நிலவியல் படிப்பதும் அந்தத் தோப்பின் காசில்தான். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறம் கூற எனக்கு வாய் வராது.

வீட்டுக் கொல்லையில் எங்களுக்கு ஒரு பழங்கிணறும் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறபோது கிணறு எதற்கு? பாம்பு விழுகிறது, பிள்ளைகள் எட்டிப் பார்க்கின்றன என்று சொல்லி, வீடு இடித்துக் கட்டிய கல்லையும் மண்ணையும் கொட்டித் தூர்த்துவிட்டோம். தெருவில் மற்றவர்களும் ஒவ்வொன்றாகத் தூர்த்தார்கள். தூர்க்காமல் விட்டவர் ஒருவரே. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியம்மா. உறவில் பெரியம்மா அல்லர், தெருவுக்கே பெரியம்மா. அவர் தூர்க்காததற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆழ்குழாய் போட அவரிடம் பணம் இல்லை.

2017 மே மாதத்தில் அவர் கிணறு வற்றிற்று. அதற்குமுன் அது வற்றியதில்லை என்பார்கள். 2018 ஏப்ரலில் மறுபடியும் வற்றிற்று. இடுப்பில் குடத்தோடு வந்து எங்கள் கொல்லைக் குழாயடியில் நின்று, "ரெண்டே குடம் தாயி" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா முகம் சுளிக்காமல் கொடுப்பாள். கொடுத்த எங்களுக்கும் சரி, வாங்கிய அவருக்கும் சரி, அந்த இரண்டு குடமும் அவர் கிணற்றிலிருந்தே வந்ததாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது தோன்றியதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. எங்கள் தோப்பில் நின்றவற்றை நான் பத்து நிமிடத்தில் எண்ணி முடித்தேன். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர இருபத்தாறு நாள் ஆயிற்று. 180 அடி ஆழத்தில் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவர வழியில்லை. ஊராட்சித் தொட்டியும் காலி. வெளியூரிலிருந்து ஒருவர் வண்டியில் ஜெனரேட்டர் கொண்டுவந்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டாரை ஓட்டிக் கொடுத்தார். அதுவும் ஐந்தாம் நாளுக்குமேல். அதுவரை தெரு முழுவதும் எங்கே போயிற்று? பெரியம்மாவின் கிணற்றடிக்குப் போயிற்று. மழை பெய்து அப்போது அதில் தண்ணீர் ஏறியிருந்தது. கயிறு இருந்தது, ராட்டினம் இருந்தது, வாளி இருந்தது. அவர் எவரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் ஏப்ரலில் கொடுத்த இரண்டு குடத்தை நினைவில் வைத்திருந்தாரா, மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

நான் இங்கு வந்து சேர்ந்த ஆண்டில் ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார். நிலத்துக்குள் ஒரு குழாய். அதிலிருந்து விடாமல் நீரை இறைத்தால் குழாயைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் ஒரு கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போலத் தாழும். ஆழமாக இறைப்பவனை நோக்கி நாற்புறத்து நீரும் சரிந்து ஓடும். கூம்பின் எல்லைக்குள் அகப்பட்ட மேலோட்டமான கிணறுகள் வற்றும். அவ்வளவுதான் பாடம். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு கிணறும் அதனருகில் குடத்தோடு ஒரு கிழவியும் நிற்பதுபோல இருந்தது. மேலடுக்கு நீர் வேறு, கீழடுக்கு நீர் வேறு என்று அப்பா இன்றும் வாதாடுகிறார். இடையில் இறுகிய களிமண் முழுப் பரப்பும் இருந்தால் அது உண்மை. ஆற்று வண்டலில் களிமண் அப்படித் தொடர்ச்சியாகப் படிவதில்லை. ஆங்காங்கே விட்டுப் போகும். ஐந்து ஆழ்குழாய்களில் எது எவ்வளவு இழுத்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாமையே எங்கள் தெருவுக்கு வசதியாகவும் போயிற்று.

சட்டமும் எங்கள் பக்கந்தான். 1882-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலம் உடையவனுக்கு உண்டு. கமலையிலும் ஏற்றத்திலும் இறைத்த காலத்துச் சட்டம் அது. அப்போது எடுக்கக்கூடிய அளவை மாட்டின் களைப்பே முடிவு செய்தது. இன்றோ மோட்டாருக்குக் களைப்பில்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் பம்புசெட்டுக்கு மின்கட்டணமும் இல்லை. அந்தச் சலுகை சிறு உழவரைக் காத்தது என்பதை மறுப்பவளல்லள் நான், அதனால் காக்கப்பட்டவள். ஆயினும் உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடு இந்தியாதான் என்ற கணக்கில் எங்கள் குழாயும் ஒன்று.

இப்போது அக்காவின் கால் ஏக்கருக்கு வருவோம். மலையடிவாரத்தில் இருபது பேர் இருபது வேலிக்குள் இருபது ஆழ்குழாய் இறக்கினால், அந்த மலையிலிருந்து ஊறும் நீரை நம்பிக் காலங்காலமாக இருக்கும் கீழூர்க் கிணறுகள் என்னாகும்? இருபது பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். இயற்கை உரம் போடலாம், துணிப்பை தூக்கலாம். கூம்பு அவர்கள் நற்குணத்தைப் பார்த்தா தாழும்? ஒருவர் தனக்கென்று செய்துகொள்ளும் பாதுகாப்பு, பக்கத்து வீட்டுக்காரனின் ஆபத்தாக முடிவதைத்தான் தனியிறைவு என்கிறேன். அதிலும் வேடிக்கை, அது அவரைக்கூடக் காப்பதில்லை. இருபதாவது ஆளின் குழாய் இன்னும் ஐம்பது அடி ஆழமாகப் போனால் முதலாமவரின் குழாயில் காற்றுத்தான் வரும்.

அப்படியானால் தன்னிறைவு என்பது எங்கேனும் இருக்கிறதா? இருக்கிறது, நமக்கு அதிகத் தொலைவிலும் இல்லை. சென்ற டிசம்பரில் என்னுடன் படிக்கும் மராத்தியத் தோழி ஒருத்தியோடு அகில்யாநகர் மாவட்டத்து ஹிவ்ரே பஜாருக்குப் போய்வந்தேன். அகமதுநகர் என்றால் பலருக்குத் தெரியும். 2024-இல் மாவட்டத்தின் பெயர் மாறியது. மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு 400 மி.மீ. அளவே பெய்யும், நம் தஞ்சைப் பக்கத்தில் பெய்வதில் பாதிகூட இராது. 1972 வறட்சிக்குப்பின் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த ஊரார். 1989-இல் பொபட்ராவ் பவார் என்ற படித்த இளைஞர் ஊர்த்தலைவரானார். மலைச் சரிவு முழுவதும் சமமட்டத்தில் பள்ளம் வெட்டினார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். மரம் வெட்டுவதையும் மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிடுவதையும் நிறுத்தினார்கள். இதெல்லாம் பலரும் எழுதிவிட்ட செய்தி. மழைநீரைத் தேக்கினார்கள், கிணறு நிறைந்தது, போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

என்னைத் தடுத்து நிறுத்தியது அதுவன்று. தேக்கியபின் அவர்கள் செய்தது. பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாது என்று ஊர் தனக்குத்தானே தடை விதித்துக்கொண்டது. கரும்பும் வாழையும் கூடாது என்றது. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, நிலத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று கணித்து, கிராம சபையில் வரவு செலவு படிக்கிறார்கள். பணத்துக்கு அன்று, தண்ணீருக்கு! முதலில் குடிநீர், பின்பு கால்நடை, மிஞ்சியதுதான் பயிருக்கு. மழை குறைந்த ஆண்டில் எந்தப் பயிரை விட்டுவிடுவது என்றும் ஊர் கூடியே முடிவு செய்கிறது. என் பெரியம்மாவின் கிணற்றுக்கு அந்த ஊரில் இடமுண்டு. ஏனெனில் எவருடைய குழாயும் அதற்குக் கீழே போக முடியாது.

வெங்காய வயல் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது தோழி சொன்னாள்: "எங்கள் ஊர் இங்கிருந்து அறுபது கிலோமீட்டர். நாங்கள் கரும்பு போடுகிறோம். மார்ச்சுக்குமேல் குடிக்க லாரித் தண்ணீர் வாங்குகிறோம். கரும்பை நிறுத்தச் சொன்னால் முதலில் மறுப்பவர் என் அப்பாவாகத்தான் இருப்பார்." அவள் அப்பாவும் என் அப்பாவும் சந்தித்தால் மொழி தெரியாமலே நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

தன்னிறைவு என்ற சொல்லைக் கேட்டவுடன் எதையெல்லாம் வாங்க வேண்டும் என்று நாம் பட்டியல் போடுகிறோம். ஹிவ்ரே பஜார் எதையெல்லாம் விட வேண்டும் என்று பட்டியல் போட்டது. அதையும் தன்னந்தனியாகச் செய்யவில்லை. அரசின் வேலையுறுதித் திட்டப் பணமும் முன்மாதிரிக் கிராமத் திட்டப் பணமும் அந்தப் பள்ளங்களில் இருக்கின்றன. அரசே வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுவதும் தன்னிறைவன்று. வரி கொடுத்துவிட்டு உரிமையையும் விட்டுக்கொடுக்கும் ஏமாளித்தனம் அது.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதா? தஞ்சையில் 1892-இல் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். இதே மராட்டிய மண்ணில் வார்தாவில் இருந்துகொண்டு கிராமத் தொழிலுக்கு உழைத்தவர். நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றிய அவர் நூல் சிறையில் எழுதப்பெற்று 1945-இல் வெளிவந்தது. இயற்கையில் பிறவற்றைக் கொன்று வாழும் புலியின் பொருளாதாரமும் உண்டு. கூடித் தேன் சேர்க்கும் தேனீயின் பொருளாதாரமும் உண்டு என்று அவர் வகைப்படுத்துகிறார். கதர்ச் சட்டைக் கிழவர் ஒருவர் என்று அவரை நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். அவர் கணக்கர் என்பதை மறந்தோம். இயற்கையிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைக்கிறோமா என்று பார்த்த கணக்கர் அவர்.

ஆனால் நண்பர்களே, பழைய கிராமத்தைப் பொன்னுலகமாகக் காட்டுகிறவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். இந்தப் புனேயிலிருந்து மலை இறங்கினால் மகாடு என்ற ஊர் வரும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அங்குள்ள சவ்தார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். எல்லோரும் அள்ளலாம் என்று நகராட்சி தீர்மானித்து மூன்று ஆண்டு ஆகியும் அந்த மக்களை அள்ளவிடாமல் வைத்திருந்த குளம் அது. அவர்கள் குடித்துவிட்டுப் போனபின் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பொதுக்குளம், ஊர்க்கிணறு என்று நாம் உருகிப் பேசும்போது, பொது என்பதற்குள் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டாவா?

கஜா கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மூன்றாம் நாள் காலையில் தெற்குத் தெருப் பெண்கள் குடங்களோடு வந்து எங்கள் தெருமுனையில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. பெரியம்மா பார்த்துவிட்டு, "தண்ணிக்கு வந்தவுகள எதுக்கு நிக்க வைக்கிறீக, வரச் சொல்லுங்க" என்றார். கிணற்றடிவரை வந்தார்கள். ஆனால் கயிறு அவர்கள் கைக்குப் போகவில்லை. "நம்ம புள்ளைகளே எறைச்சு ஊத்தட்டும்" என்று எங்கள் தெருவில் ஒரு குரல் எழுந்தது. பெரியம்மாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நான்தான் இறைத்து ஊற்றினேன். அன்று ஐம்பது குடமாவது ஊற்றியிருப்பேன், உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. இரவு அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் கயிற்றைத் தொடக்கூடாது என்பதற்காகவே நான் இறைத்தேன் என்பது பதினாறு வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை. மின்சாரம் வந்த மறுநாள் தெற்குத் தெருக் குடங்கள் வரவில்லை. எங்கள் குடங்களும் போகவில்லை.

ஆகவே ஊர்த் தன்னிறைவு என்று நான் சொல்லுவது பழைய ஊரைத் திரும்பக் கொண்டுவருவதன்று. கயிறு எல்லோர் கையிலும் இருக்கிற ஊர் இதுவரை எங்களுக்கு வாய்க்கவில்லை. அதை இனித்தான் உண்டாக்க வேண்டும். புயலுக்கு முன்பே உண்டாக்க வேண்டும், நடுவில் அல்ல.

இன்னொரு மறுப்பும் எழும். ஊரே முற்றிலும் தன்னிறைவு அடைந்துவிட்டால் போதுமா என்பீர்கள். போதாது, அது ஆபத்தும் ஆகும். கஜாவில் எங்கள் வட்டாரம் முழுவதும் விழுந்தது. ஊர்க் களஞ்சியம் ஒன்று இருந்திருந்தால் அதுவும் நனைந்திருக்கும். பிற மாவட்டங்களிலிருந்து அரிசியும் பாயும் மெழுகுவத்தியும் ஏற்றிய லாரிகள் வந்ததால்தான் நாங்கள் அடுத்த மாதத்தைக் கண்டோம். எல்லாவற்றையும் நாமே விளைவித்துக்கொள்வது என்பது எல்லாவற்றையும் ஒரே மேகத்தின்கீழ் வைப்பதாகும். முதல் பத்து நாளைக்கு வெளியிலிருந்து எதுவும் வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கக் குடிநீர், அரிசி பருப்பு, ஒரு விளக்கு, காய்ச்சலுக்கு மருந்து, இவை ஊருக்குள் இருக்க வேண்டும். மீதிக்கு நாலு ஊர் உறவு வேண்டும். எனக்குத் தன்னிறைவின் அளவு அவ்வளவுதான்.

ஊருக்கு நாம் ஆண்டுக்கு இருமுறை போகிறோம். இங்கே பத்து மாதம் இருக்கிறோம். எனவே இங்கே என்ன செய்வது என்று சில நாளாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் விடுதிக் கூரை 500 சதுர மீட்டர் என்று கொள்வோம். புனேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 720 மி.மீ. பெய்யும். பெருக்கினால் 3,60,000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போனது போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தோமென்றால் 2,88,000 லிட்டர். படித்தபோது மகிழ்ந்துபோனேன். பிறகு செலவுப் பக்கத்தைப் போட்டேன். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. விடுதியில் நூறு பேர் என்றால் நாளுக்கு 13,500 லிட்டர். ஆண்டு முழுவதும் பெய்த மழை இருபத்தொரு நாளில் தீர்ந்துபோகும்!

முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். ஆளுக்கு 70 லிட்டரில் முடித்தால் அதுவே நாற்பத்தொரு நாள். மே மாதம் முழுவதும் லாரி வராத நாட்களை எண்ணினால் அந்த நாற்பத்தொன்றின் அருமை தெரியும். மழைநீர்க் குழாய் பழுதாகிக் கிடப்பதும், கீழ்த்தளக் குளியலறையில் குழாய் ஒழுகுவதும், சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிய நீர் நேரே சாக்கடைக்குப் போவதும் அப்போது கண்ணில் படும். இந்தச் செலவை எவரும் இதுவரை எழுதிவைத்ததில்லை. என் கணக்கில் 500 என்பதும் நூறு என்பதும் நான் வைத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. அளக்கலாம் என்று விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன். அனுமதி கொடுத்துவிட்டார். நம் சங்கம் பொங்கல் விழாவுக்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கு போதும். சங்கத்தவர் மட்டும் செய்தால் அதுவும் ஒரு வேலிதான். வங்காளத்து மாணவியரும் மலையாளத்துத் தோழியரும் துப்புரவு செய்யும் அக்காமாரும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்பது நம்மைவிட அந்த அக்காமாருக்குத்தான் தெரியும்.

மொட்டை மாடியில் படுத்திருந்த இரவில் சொல்லத் தோன்றாததையெல்லாம் எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அப்ப அந்தக் கால் ஏக்கர் வேண்டாங்கிறியா?" என்றார். "வாங்குங்க அக்கா. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கீழூருக்குப் போய் அவங்க கிணத்தை ஒருதடவை எட்டிப் பாத்துட்டு வாங்க" என்றேன். அவர் இன்னும் விடை சொல்லவில்லை. அளவு நாடா மட்டும் அவருடைய ஆய்வகத்திலிருந்து முப்பது மீட்டரில் ஒன்று கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. மாடிச் சாவி காவலரிடம் இருக்கும். பத்து மணிக்குத் திரும்பக் கேட்பார்.